நிலத்தடி நீரும் மடுவும்

எங்கும் நிறைந்திருப்பதாக நம்பப்படும் ஒன்றைக் குறித்த நாளில், குறித்த இடத்திற்குச் சென்று ஏன் காண வேண்டும் என்ற கேள்வி தமிழ்ச் சமயச் சிந்தனைக்குப் புதிதன்று. கோபிசெட்டிபாளையத்தை அடுத்த பாரியூரில் கொண்டத்துக் காளியம்மன் ஆண்டு முழுவதும் கருவறையில் வீற்றிருக்கிறாள்; நாள்தோறும் பூசை நடக்கிறது; ஆயினும் மார்கழித் திருவிழாவில் குண்டம் இறங்குவதற்காக, அதாவது தீக்கனல் மீது நடப்பதற்காக, விரதமிருந்து வந்து வரிசையில் நிற்கும் மக்களிடம், அம்மன் நேற்றும் இங்கேதானே இருந்தாள் என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பழைய கேள்வி 2025ஆம் ஆண்டில், யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், ஓர் அனிமேஷன் திரைப்படத்தின் வசூல் கணக்கில் மறுபடி எழுந்தது.

அஸ்வின் குமார் இயக்கி, சாம் சி.எஸ். இசையமைத்து, ஹோம்பாலே பிலிம்ஸ் வழங்கிய 'மகாவதார் நரசிம்மா' 2025 ஜூலை 25 அன்று இந்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ், மலையாளம் ஆகிய மொழிகளில் திரைக்கு வந்தது. சுவரொட்டியில் முகம் காட்ட நட்சத்திர நடிகர் எவரும் இல்லாத அப்படம் சிறிய அளவில் தொடங்கி, பார்த்தவர் சொல்லக் கேட்டு வந்தவர்களால் வளர்ந்து, 300 கோடி ரூபாயைத் தாண்டி, இந்திய அனிமேஷன் படம் எதுவும் அதற்குமுன் தொட்டிராத தொகையை எட்டியது. ஓடிடி எனப்படும் இணையத் திரைத்தளங்கள், அதாவது சந்தா பெற்றுக்கொண்டு வீட்டுத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் படங்களை அனுப்பும் நிறுவனங்கள், திரையரங்க வெளியீட்டுக்குப் பிறகு சில வாரம் காத்திருந்தே ஒரு படத்தைப் பெறுகின்றன. தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் நான்கு வாரமாக இருக்கும் இந்த இடைவெளி இப்படத்திற்கு எட்டு வாரமாயிற்று. செப்டம்பர் 19 அன்று அது நெட்ஃபிளிக்ஸ் தளத்திற்கு வந்தது. அதே ஆண்டில் சீனத் தொன்மத்தின் குழந்தைத் தெய்வத்தைப் பற்றிய 'நேஜா 2' 200 கோடி டாலருக்கும் மேல் ஈட்டி, உலகில் மிகுதியாக வசூலித்த அனிமேஷன் படமாயிற்று.

சில வாரம் பொறுத்தால் படம் வீட்டுக்கே வரும் என்பது திரையரங்குக்குச் சென்ற எல்லோருக்கும் தெரியும். பெரிய திரை, அதிரும் ஒலி என்ற விடைகள் பொய்யல்ல என்றாலும் அவை போதவில்லை; ஏனெனில் அதே பெரிய திரைக்கு அதைவிடப் பெரும் பொருட்செலவில் வந்த எத்தனையோ படங்களுக்கு மக்கள் எழுந்து செல்லவில்லை. திரையரங்குகளில் பார்வையாளர்கள் கைகூப்பியதாகவும் இறைவன் நாமத்தை முழங்கியதாகவும் வந்த செய்திகள், இது வேறு வகையான வருகை என்பதையே காட்டுகின்றன.

படம் சொல்லும் நரசிம்ம அவதாரக் கதையிலேயே இதற்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் யுத்த காண்டத்தில், வீடணன் இராவணனுக்கு எடுத்துரைக்கும் கதையாக அமைத்தார். இறைவன் தூணிலும் துரும்பிலும் இருக்கிறான் என்பதே பிரகலாதன் தன் தந்தை இரணியனிடம் உரைக்கும் கொள்கை. அது உண்மையாயின், நரசிம்மம் வெளிப்படத் தூண் பிளக்க வேண்டிய தேவையே இல்லை. பிளப்பதற்கு முன்னும் அவன் அங்கு இருந்தான். பிரகலாதனுக்காக அது பிளக்கவும் இல்லை, அவன் முன்பே அறிந்தவன். அறியாத ஒருவன் முன்னிலையில், அவனைச் சூழ்ந்தோர் காண, பகலும் இரவும் அல்லாத அந்திப் பொழுதில் அது பிளந்தது. இருத்தல் என்பது ஒன்று, வெளிப்படுதல் என்பது மற்றொன்று. முன்னதற்கு இடமும் காலமும் தேவையில்லை, பின்னதற்கு அவை இரண்டும் தேவை.

வைணவ ஆசிரியரான பிள்ளை லோகாசாரியர் இவ்வேறுபாட்டை நீரை உவமையாகக் கொண்டு விளக்கினார். இறைவனுக்குப் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என ஐந்து நிலைகள் கூறப்படுகின்றன. அவற்றுள் விபவம் என்பது அவதாரம், அந்தர்யாமி என்பது ஒவ்வோர் உயிருக்குள்ளும் உறையும் நிலை, அர்ச்சை என்பது கோயிலில் எழுந்தருளியிருக்கும் திருமேனி. தாகம் கொண்டவனுக்கு அந்தர்யாமி நிலத்தடி நீரைப் போலவும், அவதாரம் பெருக்கெடுத்து ஓடிப்போன ஆற்றைப் போலவும், அர்ச்சை அந்த ஆறு விட்டுச்சென்ற மடுவைப் போலவும் அமைகின்றன என்பது அவர் விளக்கத்தின் சாரம். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்து உழவருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பவானி ஆற்று நீரைக் கொடிவேரி அணையில் மறித்துத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் திருப்பியதால் விளைந்தவை அவ்வூர் நெல்வயல்கள். வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் கிணறு வெட்டியும் ஆழ்துளை இறக்கியும் நீர் காணாமல் நின்ற குடும்பங்களும் அருகிலேயே உண்டு. நீர் எங்கும் உள்ளது என்ற உறுதி மட்டும் பயிரைக் காப்பதில்லை.

இணையத் திரைத்தளம் நிலத்தடி நீரை ஒத்தது என்றால் அது மிகையன்று. எல்லா வீட்டுக்கும் அடியில் அது ஓடுகிறது. ஆயினும் சந்தாவும், கருவியும், ஆயிரக்கணக்கான பெயர்களுக்கிடையே ஒன்றைத் தேடி எடுக்கும் மனமும் வேண்டியிருக்கிறது. எடுத்த பின்னும் பாதியில் நிறுத்திவிடத் தடையில்லை. உரிம ஒப்பந்தம் முடிந்ததும் நேற்று இருந்த படம் இன்று தளத்தில் இல்லாமற் போவதும் உண்டு. திரையரங்கு மடுவைப் போன்றது: அது ஓரிடத்தில் நிற்கிறது, அங்கே நீர் இருப்பது ஊருக்குத் தெரியும், பலரும் ஒரே கரைக்கு வருகிறார்கள்.

இங்கு அனிமேஷன் என்ற கலைக்குரிய தனித்தன்மையையும் கருத வேண்டும். நொடிக்கு 24 அசையாப் படங்களை அடுத்தடுத்துக் காட்டி அசைவைத் தோற்றுவிக்கும் இக்கலையின் பெயர், உயிர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சிற்பி செதுக்கிய கல்லுக்கு இறுதியாகக் கண் திறந்து, பின் உயிரேற்றும் சடங்கைச் செய்து அதை இறைவனாகக் கொள்ளும் ஒரு மரபில் இப்பெயர் அந்நியமாக ஒலிப்பதில்லை. மனித நடிகர் தெய்வமாக நடிக்கும்போது அவருடைய முந்தைய வேடங்களும் அவரோடு திரையில் நிற்கின்றன. வரையப்பட்ட நரசிம்மத்திற்கு அத்தகைய முற்பிறப்பு இல்லை. 2014 மே 23 அன்று வெளியான 'கோச்சடையான்', நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பதிந்து கணினி உருவத்திற்கு ஏற்றும் முறையில் உருவானது. அதன் உருவத்திற்குப் பின்னே மக்கள் அறிந்த ரஜினிகாந்தின் உடல் இருந்ததால், அந்த உடலோடு ஒப்பிடாமல் அதைப் பார்க்க எவராலும் இயலவில்லை. எதிர்பார்த்த வரவேற்பு அதற்குக் கிட்டாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

வீட்டுத் திரை ஆழமான அனுபவத்தைத் தராது என்று முடிவு கட்டினால் அது உண்மைக்கு மாறாகும். ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவும் இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் இணைந்து 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இராமாயணப் படம் அக்காலத்தில் இந்தியத் திரையரங்குகளில் பரவலாக ஓடவில்லை; தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்த குழந்தைகளே அதை உயிரோடு வைத்திருந்தார்கள்; அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின், 2025 ஜனவரி 24 அன்று அது தமிழ் உள்ளிட்ட மொழிகளில் திரையரங்குக்கு வந்தது. திரும்பச் சொல்லுதல் பக்தியின் உயிர்நாடி. பாராயணமும் நாம செபமும் தனிமையில் நிகழ்பவை. கோயிலுக்கு வர இயலாதோரைத் தேடி உற்சவர் வீதிக்கு எழுந்தருளும் மரபும் உண்டு. முதியவரும் நோயாளியும் கைக்குழந்தையை விட்டு நகர முடியாத தாயும் வீட்டிலேயே ஒரு படத்தைக் காண்பதை இழிவாகக் கருத எந்தச் சமயமும் இடம் தராது.

எனவே உண்மையான இடர் திரையின் அளவிலோ தனிமையிலோ இல்லை. பார்வையாளர் முன்பு எவற்றைப் பார்த்தார், எங்கே நிறுத்தினார் என்பதைக் கணக்கிட்டு, அதற்கிணங்க அடுத்ததை முன்வைக்கும், இணையத் தளங்களின் பரிந்துரை முறையில் அது இருக்கிறது. இரணியன் தன் நாட்டில் தன் பெயரையே ஓத வேண்டும் என்று ஆணையிட்டான். பள்ளியில் ஆசிரியர் அதையே கற்பித்தார். எத்திசை திரும்பினும் அவன் காதில் விழுந்தது அவன் பெயரே. தன் விருப்பமே தனக்குத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அரண்மனையில், தான் அல்லாத ஒன்று நுழைவதற்கான வழி அடைபட்டுப்போகிறது. தூணைப் பிளந்து வந்தது அவன் கேளாத, விரும்பாத, கணக்கிட்டிராத ஒன்று. குண்டம் இறங்குபவரும் தம் வசதிக்கேற்ற நாளைத் தேர்ந்துகொள்வதில்லை; பிறர் குறித்த நாளுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கிறார்.

கொங்கு நாட்டின் பெருங்கதையான அண்ணன்மார் கதையும் அனிமேஷனுக்கு வந்திருக்கிறது. 1960களில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கடித்துப் பாடப்பட்ட அக்கதையை ஒலிப்பதிவு செய்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், பின்னாளில் அதை 26 பகுதிகள் கொண்ட தொடராக்கினார். அக்கதையின் நாயகர்களான பொன்னரையும் சங்கரையும் கேட்டறியாத தலைமுறைக்கு, குறிப்பாக அயல்நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, அத்தொடர் செய்யும் உதவி பெரிது. அது எந்நேரமும் எங்கும் கிடைக்கத்தக்கதாக இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. கொங்கு ஊர்களில் அதே கதை படுகளம் என்னும் சடங்காகவும் நிகழ்கிறது. அண்ணன்மார் மாண்ட கட்டம் வரும்போது அருளேறியவர்கள் மாண்டவர்களைப் போலவே மண்ணில் விழுந்து கிடக்கிறார்கள்; தங்கை தங்காளின் நிலையில் நிற்பவர் நீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புகிறார்; கடைசி ஆளும் எழும் வரை சுற்றி நிற்கும் ஊர் கலைந்து போவதில்லை.