ஏட்டில் ஏறாத ஆற்றல்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் பில் ரசல் பெரியவரா, மைக்கேல் ஜோர்டான் பெரியவரா என்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ரசலின் போஸ்டன் அணி 1957 முதல் 1969 வரை 11 முறை வாகை சூடியது. ஜோர்டானின் சிகாகோ அணி 1991 முதல் 1998 வரை 6 முறை. ஆயினும் 1957இல் களம் கண்ட அணிகள் 8 மட்டுமே, 1998இல் 29. ஆகவே வெற்றிகளை விடுத்துத் தனித்திறனை எண்ணுவோம் என்பர் சிலர்.

ரசலின் தனித்திறனோ, எதிரணியினர் கூடையை நோக்கி எறியும் பந்தை இடையிலேயே தடுத்துத் தட்டுவது. அத்தடுப்புகளை முறையாகப் பதியத் தொடங்கியது 1973இல்தான். அவர் ஓய்வு பெற்றதோ 1969இல்! ஜோர்டானின் தடுப்புகள் ஏட்டில் உள்ளன. ஏட்டில் ஏறாததை நிகழாததாகக் கொள்வது அறமாகுமா? மதிப்பெண் இட்டே பழகிய நம்மனோர்க்கு இவ்வினா உறுத்தத்தான் செய்யும். ரசலைச் சிறியவரென்று தீர்ப்பிட என் மனம் துணியவில்லை.