தண்ணீர்பள்ளிக்குப் போகிறவர்களுக்கும் போக முடியாதவர்களுக்கும்



கரண்ட் போகும் நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மின்விசிறி நிற்கிறது, டி.வி. அணைகிறது, மிக்சி பாதியில் ஓய்கிறது. அடுத்த நிமிடமே சமையலறைக் குழாய் சொட்டுவது காதில் விழுகிறது. “இது எப்போதிருந்து?” என்று கேட்கிறோம். காலையிலிருந்தே சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒரு வாரமாகக்கூட இருக்கலாம். வீடு இரைந்துகொண்டிருந்ததால் நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் உள்ளத்தில் அப்படிச் சொட்டிக்கொண்டிருப்பது எது? தம்பியோடு பேச்சு நின்றுபோன வருத்தமா? கடைசி நாட்களில் அம்மா கூப்பிட்டபோது போகாமல் இருந்துவிட்டோமே என்ற உறுத்தலா? என்றோ செய்த பாவத்தை ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லி மன்னிப்பும் பெற்ற பிறகு, அந்த மன்னிப்பை நம்ப முடியாமல் தவிக்கிற பயமா? வீட்டுக்குள் நுழைந்ததும் டி.வி.யைப் போடுகிறோமே, யாருக்காகப் போடுகிறோம்? படுக்கையில்கூடச் செல்போனைக் கீழே வைக்க ஏன் மனம் வருவதில்லை?

பயப்பட வேண்டாம். உங்களுக்குக் கேட்பதற்கு முன்பே ஆண்டவருக்கு அது கேட்டிருக்கிறது. அவர் இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை.

நம் பங்கிலிருந்து சிலர் அடுத்த மாதம் தண்ணீர்பள்ளியில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்துக்குப் போய்ச் சில நாட்கள் தங்கி வரப்போகிறார்கள். திருச்சியிலிருந்து கரூர் போகிற சாலையில், குளித்தலையை ஒட்டி, காவிரிக் கரையில் இருக்கிறது. பேர் கொடுக்க வந்த ஓர் அக்கா கேட்டார்கள்: “சாமி, அங்க யாரு பிரசங்கம் வைப்பாங்க?” பிரசங்கம் கேட்கப் போகிற இடம் இல்லையம்மா என்றேன். அவர்கள் முகம் வாடிப்போனது. அது எனக்குப் புரிகிறது. நம் தவக்காலத் தியானக் கூட்டங்களில் காலையிலிருந்து மாலை வரை ஒலிபெருக்கி ஓய்வதில்லை. அதிலும் அருள் இருக்கிறது, நான் குறைசொல்லவில்லை. (சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பது என் சொந்த ஆசை.) ஆனால் யாருமே நம்மிடம் பேசாத ஒரு பகல்பொழுதை நாம் கழித்து எவ்வளவு காலம் ஆகிறது?

அங்கே நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடியற்காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் தியானம். சிலர் அறையிலேயே இருப்பார்கள், சிலர் ஆற்றங்கரைக்குப் போவார்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கோவிலில் பொதுச் செபம். காலையில் திருப்பலியும் உண்டு. சாப்பாடு தரையில் உட்கார்ந்து, பேசாமல். காய் நறுக்க ஆள் தேவைப்பட்டால் வந்தவர்களும் கத்தியை எடுத்துக்கொள்ளலாம். மற்ற நேரமெல்லாம் தென்னை மரங்களும், ஆறும், நீங்களும்தான்.

இன்னொரு தயக்கமும் உங்களில் பலருக்கு இருக்கிறது. அதை மறைவாகப் பேச வேண்டாம், இங்கேயே பேசிவிடுவோம். அந்தக் கோவிலுக்குக் கோபுரம் இருக்கிறது. செபத்தில் ஆரத்தி உண்டு. காலைச் செபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. உபநிடதத்திலிருந்தும் வாசிப்பார்கள், நம் தமிழ்ப் பக்திப் பாடல்களும் கேட்கும். “இது நம்முடையதுதானா சாமி?” என்று கேட்கிறீர்கள்.

கோபுரத்தை நிமிர்ந்து பாருங்கள். அங்கே மூவொரு கடவுளின் உருவம் இருக்கிறது. சாந்திவனத்தின் முறையான பெயரே தூய மூவொரு கடவுளை மனத்தில் வைத்துச் சூட்டியதுதான்: சச்சிதானந்த ஆசிரமம். திருநீற்றுப் புதன் அன்று சாம்பல் பூசிக்கொள்ள வரிசையில் நிற்கிற நமக்கு, மாலையில் மனம் வருந்தி நெற்றியில் திருநீறு இட்டுக்கொள்வது அவ்வளவு அந்நியமா? பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கிற எதையும் திருஅவை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது. அப்போது சாந்திவனத்துக்கு வயது பதினைந்து. அதற்கும் முன்பே, 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் காவி உடுத்தி நம் மண்ணின் துறவிபோல வாழ்ந்தார். நெற்றியில் இட்டுக்கொள்ள மனம் ஒப்பாதவர்கள் இட்டுக்கொள்ள வேண்டாம். மனச்சான்றை வருத்திக்கொண்டு யாரும் செபிக்க வேண்டியதில்லை.

சாந்திவனம் உருவான கதையைச் சொல்ல எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஜூல் மொன்ஷனென் என்கிற பிரெஞ்சுக் குரு 1939-இல் இந்தியாவுக்கு வந்தார். திருச்சி மறைமாவட்டத்தின் கிராமங்களில், குளித்தலையிலும், நம்மைப் போன்ற மக்களுக்குப் பங்குக் குருவாகப் பல ஆண்டுகள் உழைத்தார். பெரிய அறிவாளி. ஆனால் அவர் மனம் ஏங்கியது ஒரு சிறு ஆசிரமத்துக்காக. பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோ 1948-இல் வந்து சேர்ந்தார். 1950 மார்ச் 21, அந்நாளைய வழக்கப்படி புனித பெனடிக்ட் திருநாள். அன்றைக்குத்தான் இருவரும் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். மொன்ஷனென் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் சூடிக்கொண்டார்கள்.

அதன்பின் நடந்தது என்ன? பார்க்க வந்தவர்கள் உண்டு; நிலைத்துத் தங்கிய சீடர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. மொன்ஷனென் அடிகளார் நோயுற்று, சிகிச்சைக்காகப் பிரான்சுக்குப் போய், 1957-இல் பாரிஸில் இறந்தார். அபிஷிக்தானந்தரின் மனமோ இமயமலைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது; 1968-இல் அவரும் ஆசிரமத்தை விட்டு உத்தரகாசிக்குப் போய்விட்டார். நாம் கணக்குப் போட்டால் இதை என்னவென்று எழுதுவோம்? தோல்வி என்றுதான் எழுதியிருப்போம். ஆனால் அதே 1968-இல் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் வந்தார். 1993-இல் இறக்கும்வரை அவருடைய வீடு அதுதான். அவர் காலத்தில்தான் உலகின் பல பக்கங்களிலிருந்தும் மக்கள் அந்தக் குடிசைகளைத் தேடி வந்தார்கள். அவரைத் தந்தையாக நினைத்தவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

நீங்கள் தொடங்கி, பலன் காணாமல் விட்டது எது? பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த செபமா? அவன் இப்போது கோவில் வாசலையே மிதிப்பதில்லை என்று கண்ணீரோடு என்னிடம் சொல்லும் தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். மொன்ஷனென் அடிகளாரும் பலனைக் கண்ணால் காணாமலே கண்மூடினார். ஆண்டவர் இரக்கத்துக்கு நம் ஆயுள் எல்லை இல்லை.

சரி, போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு நாள் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். தியானத்துக்கு உட்கார்ந்தால் தலை சாயும். “இதற்குத்தானா வந்தோம், நமக்குத் தியானமெல்லாம் வராது” என்று நினைப்பீர்கள். அப்போது இறைவாக்கினர் எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். உயிருக்குப் பயந்து ஓடி வந்து, ஒரு செடியடியில் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்ட மனிதர் அவர். ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? தூங்கவிட்டார். வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டார், மறுபடி படுத்துக்கொண்டார். மறுபடியும் வானதூதர் எழுப்பி, சாப்பிடச் சொன்னார். ஓரேபு மலையும், அங்கே காற்றும் நெருப்பும் ஓய்ந்தபின் அவர் கேட்ட அந்த மெல்லிய ஒலியும், எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் தூக்கத்தையும் ஆண்டவர் கணக்கில் வைத்திருக்கிறார், வெட்கப்படாமல் தூங்குங்கள். தூக்கம் தெளிந்தபின்தான் உள்ளே சொட்டுவது கேட்கத் தொடங்கும். கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடிவிடாதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் தனியாக இல்லை.

போக முடியாதவர்கள்தான் நம்மில் அதிகம், எனக்குத் தெரியும். பக்கவாதத்தில் படுத்த கணவரை யாரிடம் விட்டுப் போவது? கடையை இரண்டு நாள் மூடினால் அந்த மாத வாடகைக்கு என்ன செய்வது? உங்களுக்காகத்தான் இன்றைய நற்செய்தி. சாப்பிடக்கூட நேரமில்லாமல் களைத்திருந்த திருத்தூதர்களை, தனிமையான ஓர் இடத்துக்கு வந்து ஓய்வெடுக்கும்படி இயேசு அழைக்கிறார். படகேறிப் போகிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்ட மக்கள் கால்நடையாக ஓடி, அவர்களுக்கு முன்பே அங்கே போய் நிற்கிறார்கள். அக்கரை சேர்ந்தால் அங்கேயும் கூட்டம். சீடர்களுக்குக் கிடைத்த ஓய்வெல்லாம் அந்தப் படகுப் பயணம் மட்டும்தான்.

இயேசு முகம் சுளிக்கவில்லை. ஆயன் இல்லாத ஆடுகள் என்று அவர்கள்மேல் பரிவுகொண்டு போதிக்கத் தொடங்கிவிட்டார். நோயாளி கூப்பிட்டதும் செபத்தைப் பாதியில் விட்டு எழுந்து போகிற சகோதரியே, உன் செபம் கெட்டுப்போகவில்லை. நீ அவர் பக்கத்தில்தான் நடந்து போகிறாய். படகில் கிடைக்கிற கொஞ்ச நேரம் உனக்கும் உண்டு: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காருகிற அந்தக் கால்மணி நேரம், ரேஷன் கடை வரிசை, மருத்துவமனைத் திண்ணை. அந்த நேரத்தில் செல்போனை எடுக்காமல் சும்மா இரு. எதுவும் சொல்லத் தோன்றாவிட்டால் இயேசுவின் பெயரை மட்டும் சொல்.

திருப்பலி முடிந்ததும், போக விரும்புகிறவர்கள் உபதேசியாரிடம் பேர் கொடுங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் என்னிடம் தனியாக வந்து சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம். மூட்டு வலிக்காரர்கள் தரையில் உட்கார முடியாதே என்று நின்றுவிட வேண்டாம். உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள், நான் ஆசிரமத்தாரிடம் பேசுகிறேன். இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.