செம்பும் களிம்பும்

புரட்டாசியின் முதல் மழை பெய்து, சாக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் உழவுக்குப் பதமாக நெகிழ்ந்து கிடந்த ஒரு காலையில், எங்கள் வீட்டுப் பழைய டிராக்டர், சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தத்தை எழுப்பிவிட்டு அடங்கிப் போயிற்று. முகப்பு விளக்கைப் போட்டுப் பார்த்தேன், குறைவின்றி எரிந்தது. விளக்கு எரிகிறபடியால் மின்சாரத்தில் பழுதில்லை, செல்ஃப் மோட்டார்தான் போய்விட்டது என்று நிச்சயித்தேன். அது போனதற்கு, முதல் நாள் வண்டி ஓட்டியவருடைய அஜாக்கிரதையே காரணம் என்றும் நிச்சயித்து, வயதில் மூத்த அந்த மனிதரைச் சுடுசொல்லால் வைதேன்.

டீசல் வண்டிக்குப் பெட்ரோல் வண்டியைப் போலத் தீப்பொறி வேண்டியதில்லை. உருளைக்குள் நெருக்கப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்த நெருக்கத்தை உண்டாக்க எஞ்சினை முதலில் யாராவது சுழற்றியாக வேண்டுமே, அதற்குத்தான் பேட்டரியும் செல்ஃபும். காரைக்குடியிலிருந்து வந்த முதிய எலெக்ட்ரீஷியன் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும், மற்றதை எஞ்சினின் இரும்பு உடலிலும் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். அதுவரை பூஜ்யத்தில் கிடந்த முள் 7 வோல்ட்டைத் தாண்டி எழும்பிற்று. நல்ல இணைப்பானால் அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது. “லைட்டை நம்பாதிய தம்பி, லோடு கொடுத்துப் பாருங்க” என்று சொல்லி, பேட்டரியையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டைத் திருகி எடுத்தார். பின்னிய செம்பு இழைகளின் அடியில், மயில் கழுத்து நிறத்தில், களிம்பு பூத்திருந்தது.

கணக்கு எளியது. அந்தக் களிம்பின் தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால், 8 ஆம்பியர் கேட்கும் விளக்குகளிடமிருந்து அது பறிப்பது 0.4 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. 200 ஆம்பியர் கேட்கும் செல்ஃபிடமோ 10 வோல்ட்டைப் பறிக்கப் பார்க்கும். 12 வோல்ட்டில் அப்புறம் மிஞ்சுவதென்ன?

அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், பதி பசு பாசங்களைப் பற்றிப் பேசப் புகுமுன், நாம் எதை எவ்வாறு அறிகிறோம் என்னும் அளவை ஆராய்ச்சியைச் செய்து, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும், காட்சியைக் கெடுக்கும் ஐயத்தையும் திரிவையும் முன்னதாகவே வகுத்து வைத்ததன் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது. என் கண் பொய் சொல்லவில்லை. விளக்கு எரிந்தது உண்மையே. பாரமற்ற நிலையில் கண்டதைப் பாரமுள்ள நிலைக்கும் ஏற்றிக் கருதியதில்தான் என் அநுமானம் பிழைத்தது.

ஆன்மாவோடு அநாதியே கூடி நிற்கும் ஆணவத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை சொல்வது நம் சைவ சித்தாந்த மரபு. மற்ற இரு மலங்களான மாயையும் கன்மமும் ஆகந்துகம், வந்து சேர்ந்தவை. ஆணவமோ சகஜம், கூடவே இருப்பது. இதில் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயமுண்டு. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் எழும்பி, 1953 ஜனவரியில் தத்துவ ஞானியான ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பையே தன் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்றாகக் கொண்டது. அத்துறையாரைக் கேட்டால், பேட்டரியின் அமில ஆவியும் ஈரமும் காற்றும் வெளியிலிருந்து வந்து தாக்கியதன் விளைவே இந்தப் பச்சை என்பார்கள். புதுக் கம்பி பளபளவென்றுதானே இருக்கிறது? அப்படியானால் களிம்பு ஆகந்துகம், உவமை பழுதுபட்டதாகாதா?

ஆகாது என்பதே என் முடிவு. அதே ஆவியின் நடுவே ஒரு பொன் மோதிரத்தை வைத்தால் அதில் பச்சை பூப்பதில்லை. தாக்குவது வெளியிலிருந்து வருகிறது. தாக்குதலுக்கு இடங்கொடுக்கும் ஸ்வபாவம் செம்பினுடையது. புளியிட்டுத் துலக்கினால் களிம்பு அப்போதைக்குப் போகுமேயன்றி, இரசகுளிகையால் செம்பு பொன்னானாலன்றி அறவே நீங்காது என்று பெரியோர் விளக்கியதும் இந்த ஸ்வபாவத்தைக் கருதியே. அன்று விடியலில் தேவாரம் ஓதி, மனம் தெளிந்திருப்பதாக நம்பியே நான் வயலுக்குப் போனேன். அந்தத் தெளிவு பாரமற்ற விளக்கின் வெளிச்சம். சிறியதொரு இடையூறு வந்ததும், குற்றமற்ற முதியவர் மேல் என் களிம்பு வெளிப்பட்டுவிட்டது.

எலெக்ட்ரீஷியன் கொதிநீர் ஊற்றி, உப்புத்தாள் கொண்டு செம்பு சிவக்கும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே வாஸலின் தடவினார். வண்டி ஒரே இழுப்பில் எடுத்தது. ஓட்டியவரிடம் அன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இப்போது ஒவ்வோர் அமாவாசையன்றும் அவரும் நானுமாக அந்தப் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் சிறிது பச்சை இருக்கத்தான் செய்கிறது.