பிசகு

சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலை, இரவெல்லாம் பெய்த மழையின் ஈரம் காயாத கோயில் குளத்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பாசி படர்ந்த கல்லொன்றில் என் வலது பாதம் வழுக்கி உட்பக்கமாக மடிய, தேகத்தின் பாரமெல்லாம் அதன்மேல் சாய்ந்து, கணுக்காலின் வெளிப்புறத்தில் ஏதோ ஒன்று ‘நறுக்’கென்றது. கைத்தாங்கலாக என்னை வீடு கொண்டுசேர்ப்பதற்குள் கணுவெலும்பு இருந்த இடம் தெரியாதபடி வீங்கிவிட்டது. அடுத்த தெருவில் சுளுக்கு வழிக்கும் கிழவி வந்து, என் முகத்தையே பார்த்தவண்ணம் பெருவிரலால் எலும்பின் ஓரமாக அமுக்கிக்கொண்டே போய், “எலும்புக்கு ஒண்ணுமில்லை சாமி, நரம்புதான் பிசகியிருக்கு, இன்னிக்கு உருவினா வீக்கம் ஏறும், காலைத் தலையணை மேலே வச்சுக்கிட்டுப் படுங்க” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள், கையை எப்போது வைக்கக்கூடாது என்பதையும் அறிந்திருந்தது எனக்கு அன்று பெரிய விஷயமாகப் பட்டது.

அவளுக்குப் பின் வந்தவர் ஒரு நண்பர். சித்தாந்த சாஸ்திரத்தில் பயிற்சி உடையவர். விவரம் கேட்டு வருந்தி, பிறகு பாதி வேடிக்கையும் பாதி மெய்யுமாக, “போன ஜன்மத்தில் யாரை உதைத்தீரோ!” என்றார். நானும் சிரித்தேன். ஆனால் மூன்று நாள் மல்லாந்து கிடந்தவனுக்கு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. தமிழில் கணக்குத் தவறினாலும் பிசகு, நடத்தை தவறினாலும் பிசகு, கணுக்கால் மடங்கினாலும் பிசகு. மூன்றுக்கும் ஒரே சொல் வழங்குவதனால்தானோ என்னவோ, உடம்பில் ஒன்று நிலை பெயர்ந்தவுடனே, ஒழுக்கத்தில் எங்கே நிலை பெயர்ந்தோம் என்று தேடும் சுபாவம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. அந்தத் தேடல் நியாயந்தானா?

கிழவி நரம்பு என்றது, எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் நாரை. அது இழுபட்டோ கிழிந்தோ போவது சுளுக்கு. ஓடுகிறவன் சட்டென்று நின்று பின்தொடையைப் பிடித்துக்கொள்வானே, அங்கே கிழிபட்டது தசை. கட்டுகளையெல்லாம் மீறி எலும்பின் முனையே தன் குழியை விட்டு வெளியேறுவது மூட்டு விலகல். சரீரத்தில் 210 சந்திகளை எண்ணிய சுசுருத சம்ஹிதை, சந்தி விலகுவதை 6 வகையாகவும் எலும்பு முறிவதை 12 வகையாகவும் பிரித்துவைத்திருக்கிறது. பெரிய மூட்டுகளில் அடிக்கடி விலகுவது தோள். ஏனெனில், அங்கே பந்து போன்ற மேற்கையெலும்பின் தலை, தன்னைவிடச் சிறியதும் ஆழமற்றதுமான ஒரு கிண்ணத்தை ஒட்டி நிற்கிறது. அந்த ஆழமின்மையால்தான் நாம் தலைக்குமேல் கைகூப்புகிறோம், கவண் சுழற்றுகிறோம், முதுகு சொறிந்துகொள்கிறோம். இடுப்பிலோ குழி ஆழம். அது லேசில் விலகாது, தோளைப்போலச் சுழலவும் சுழலாது. மண்டையோட்டு எலும்புகள் ரம்பப் பற்கள்போல் ஒன்றோடொன்று கோத்து அசைவற்றிருக்கின்றன; அவற்றுக்குச் சுளுக்கே கிடையாது. அசைய வரம் பெற்றது எதுவோ அதுவே பிசகவும் கூடும். கதவு திறக்கவும் வேண்டும், கீலும் இருக்கக்கூடாது என்று தச்சனிடம் கேட்க முடியுமா? ஆகவே சிருஷ்டியில் பிசகு என்பதை நான் ஒப்பமாட்டேன்.

நண்பர் கேட்டது அதுவன்று. எல்லார் காலும் பிசகக்கூடியதே. அன்றைக்கு, அந்தப் படியில், என் கால் ஏன் என்பது அவர் கேள்வி, அதற்கு உடற்கூற்று நூலில் விடையில்லை. ஆன்மா வினையைத் துய்த்துக் கழிக்கும்பொருட்டே இறைவன் தனு, கரண, புவன, போகங்களைத் தருகிறான் என்று சைவர் சொல்வதில் ஒரு பெருங்கருணை இருக்கிறது. ஆனால் அந்தத் தத்துவத்தைத் தன் காலைப் பார்த்துச் சொல்லிக்கொள்பவன் பக்குவி. பிறன் காலைச் சுட்டிச் சொல்பவர், என் நண்பரே ஆயினும், அதிகாரம் பெறாத நீதிபதி.

வீக்கம் வற்றிய பின்னும் கால் தரையை நம்பவில்லை. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறதென்று மூளைக்குச் சேதி சொல்லும் உணர்வு முனைகளும் அந்த நாரிலேயே இருப்பதால், அது கிழிந்தால் சேதியும் மங்கும் என்றும், ஒருமுறை சுளுக்கிய கணு மறுமுறையும் சுளுக்குவது அதனாலும்தான் என்றும் வைத்தியர் விளக்கி, தினமும் ஒற்றைக் காலில் நின்று பழகச் சொன்னார். மாமல்லபுரத்துப் பாறையில் நிற்கும் தபசியைப்போல் பூஜையறைச் சுவரோரம் நின்றேன். அரை நிமிஷத்தில் தபசு கலைந்தது.

நொண்டிய அந்த நாட்களில்தான் யாக்கோபின் கதையை மறுபடி படித்தேன். தமையனை வஞ்சித்து ஆசி பெற்று ஓடிய யாக்கோபு, நெடுங்காலம் கழித்து அந்தத் தமையனைச் சந்திக்கத் திரும்பும் வழியில், யாப்போக்கு ஆற்றங்கரையில் தனித்திருந்த இரவில், இன்னாரென்று தெரியாத ஒருவரோடு விடியுமளவும் மல்லுக்கட்டுகிறான். அவர் இவன் தொடைச்சந்தைத் தொடுகிறார். பெரும் விசை தாக்கினாலன்றி அசையாத இடம் ஒரு தொடுதலில் பிசகிவிடுகிறது. தமிழ் வேதாகமத்தார் அங்கே போட்டிருப்பதும் நம் வீட்டுச் சொல்லாகிய சுளுக்குத்தான். பழைய வஞ்சனைக்குத் தண்டனை இது என்று சொல்ல இடமுண்டு. ஆயினும் சுளுக்கிய பிறகும் அவன் ஆசி பெறாமல் பிடியை விட மறுத்து, ஆசியும் இஸ்ரவேல் என்ற புதுப்பெயரும் பெற்று, சூரியன் உதிக்கும் வேளையில் நொண்டிக்கொண்டே அவ்விடம் கடந்து போகிறான். தொட்டவரே ஆசியும் தந்தனுப்பிய அந்த நொண்டலைத் தண்டனை என்று படிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் சந்ததியாரும் அதை மறைத்து வைக்கவில்லை. அந்தத் தொடைச்சந்து நரம்பை யூதர்கள் இன்றளவும் உண்பதில்லை. தேடிப் பிரித்து நீக்குவது சிரமமான வேலையாகையால், பல நாடுகளில் அவர்களுடைய இறைச்சிக் கடைகளில் பின்தொடைப் பகுதியையே விற்பதில்லை.