சுவைஞரின் கண்ணீரும் அறத்தின் கணக்கும்

கலைப்படைப்பொன்றைக் கண்டு கண்ணீர் வடிக்கும் ஒருவன் உண்மையில் எதற்காக அழுகின்றான் என்னும் வினா மிகப் பழையது. அழுகை பிறக்கும் நிலைக்களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்தவர் தொல்காப்பியர். மேடையிலோ திரையிலோ தோன்றும் துன்பம் புனைவே எனத் தெரிந்திருந்தும் காண்போன் கண் கலங்குகின்றது. அக்கண்ணீர் வெறும் உணர்ச்சிப் பெருக்குத்தானா, அன்றி அறம் பற்றிய அறிவொன்றும் அதனுள் அடங்கியுள்ளதா? இதனை ஆராய்வதற்கு விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரொன்றின் ஒரு பகுதி தக்க சான்றாக அமைகின்றது.

'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொடரில் 1967 ஏப்ரல் 6ஆம் நாள் ஒளிபரப்பாகிய அப்பகுதியின் தலைப்பு, 'நித்தியத்தின் விளிம்பிலுள்ள நகரம்' எனப் பொருள்படும். மருந்தின் மிகையால் சித்தங் கலங்கிய விண்கல வைத்தியர் மக்கோய், காலத்தின் வாயிலொன்றைக் கடந்து 1930ஆம் ஆண்டின் நியூயோர்க் நகருக்குச் சென்றுவிடுகின்றார். அங்கு அவர் செய்த ஏதோவொரு செயலால் வரலாறு மாறி, விண்கலமே இல்லாதொழிகின்றது. மாறியதைச் சீராக்கக் கலத்தின் தலைவர் கேர்க்கும் துணைவர் ஸ்பொக்கும் அக்காலத்துக்குச் செல்கின்றனர். பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோருக்கு உணவும் நம்பிக்கையும் வழங்கிவரும் எடித் கீலர் என்னும் பெண்ணை அங்குக் கேர்க் காதலிக்கின்றார். ஸ்பொக் அமைத்த கருவியோ இரு வேறு வருங்காலங்களைக் காட்டுகின்றது. ஒன்றில் எடித் 1930இலேயே வீதி விபத்தில் இறக்கின்றாள். மற்றதில் அவள் காப்பாற்றப்பட்டுப் பெரும் சமாதான இயக்கமொன்றை நடத்துகின்றாள். அதனால் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கப் பிந்துகின்றது. ஹிட்லரின் ஜேர்மனி அணுகுண்டை முந்திச் செய்து உலகை வெல்கின்றது. இறுதியில் லொறியொன்று விரைந்து வர, அவளைக் காக்கப் பாயும் மக்கோயைக் கேர்க் பிடித்து நிறுத்துகின்றார். எடித் இறக்கின்றாள். வரலாறு பழைய நிலைக்குத் திரும்புகின்றது.

இக்காட்சியைக் காணும் சுவைஞனின் உள்ளம் இரண்டாகப் பிளவுறுகின்றது. கோடிக்கணக்கானோர் பிழைக்க ஒருத்தி இறந்தது சரியே என்கின்றது அறிவு. நல்லவள் ஒருத்தியை எவ்வாறு சாகவிடலாம் எனச் சினக்கின்றது நெஞ்சு. இப்பிளவு படைப்பாளரிடத்தும் இருந்தது என்பது நோக்கற்பாலது. இதன் மூல எழுத்துருவை ஆக்கிய ஹாலன் எலிசனின் கதையில், கேர்க்கால் அவளைக் கைவிட முடிவதில்லை. தடுப்பவர் ஸ்பொக்கே. தயாரிப்பாளர் தரப்பு அதனை மாற்றி, தடுக்கும் பொறுப்பைக் கேர்க்கின் கைகளிலேயே வைத்தது. எலிசன் அம்மாற்றத்தை ஒருபோதும் ஏற்கவில்லை. ஒளிபரப்பான வடிவம் 1968இல் ஹியூகோ விருதையும், எலிசனின் மூல வடிவம் எழுத்தாளர் சங்க விருதையும் பெற்றன.

யாழ்ப்பாணத்துச் சுவைஞருக்கு இத்தகைய கலக்கம் புதிதன்று. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகத் தோன்றிய மயானகாண்டத்தைக் கண்டோர், கதையின் முடிவை நன்கறிந்தும் கண்ணீர் விட்டனர். உண்மையின் பொருட்டு மனைவியின் கழுத்துக்கே வாளோங்கும் கணவனும், தலைமறைவாகாது அவன்முன் பணிந்திருக்கும் சந்திரமதியும் அவர்களைக் கலங்கவைத்தனர். எனினும் இரு கதைகளுக்கும் இடையே வேறுபாடொன்று உண்டு. சந்திரமதி இறந்தால் உலகுக்கு நன்மை விளையும் என அரிச்சந்திரன் கணக்கிடுவதில்லை. ஏற்ற கடமையை மீறாதிருப்பதே அவன் நோக்கம். அவ்வாறிருந்தும் அக்கொலையைக் கதையே பொறுக்கவில்லை. தெய்வம் இடைப்பட, வாள் வெட்டாதொழிகின்றது. எடித் கீலரின் வீதியில் இடைப்படத் தெய்வம் எதுவுமில்லை. அங்குள்ளது கணக்கு மாத்திரமே.

அக்கணக்கை மெய்யியலாளரும் ஆராய்ந்துள்ளனர். அத்தொடர்ப்பகுதி வெளிவந்த 1967ஆம் ஆண்டிலேயே பிலிப்பா ஃபுட் என்னும் ஆங்கில மெய்யியலாளர் புகழ்பெற்ற எடுத்துக்காட்டொன்றை முன்வைத்தார். கட்டுக்கடங்காது ஓடும் டிராம் வண்டியின் சாரதி, ஐவர் நிற்கும் பாதையிலிருந்து ஒருவர் நிற்கும் பாதைக்கு அதனைத் திருப்பலாமா? திருப்பலாம் எனப் பலர் கூறுவர். ஆயின் கலகக்காரரைத் தணித்துப் பல உயிர்களைக் காப்பதற்காக நீதிபதியொருவர் குற்றமற்றவனைத் தூக்கிலிடலாமா என்றால் அவர்களே மறுப்பர். இரண்டிலும் எண்ணிக்கை ஒத்திருப்பினும் விடை ஒத்திருப்பதில்லை. எனவே அறம் வெறும் கூட்டல் கழித்தல் அன்று என்பது பெறப்படுகின்றது. பேணாட் வில்லியம்ஸ் மற்றோர் உண்மையைச் சுட்டினார். இரு கடமைகள் மோதுமிடத்து ஒன்றைச் சரியாகவே தெரிந்தாலும், கைவிடப்பட்ட கடமை அழிந்துவிடுவதில்லை. அது வருத்தமாக எஞ்சிநிற்கும். சுவைஞனின் கண்ணீர் அந்த எச்சமே எனலாம். அது தருக்கத்தின் தோல்வி அன்று. தருக்கம் எதனை விலையாகக் கொடுத்தது என்பதன் பதிவு.

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. கேர்க்கின் செயலை அறிவு ஏற்பதற்குக் காரணம், வருங்காலத்தைக் காட்டும் கருவி அவரிடம் இருந்தமையே. அவர் ஊகிக்கவில்லை, கண்டார். டிராம் எடுத்துக்காட்டிலும் ஒருவர், ஐவர் என்ற விளைவுகள் ஐயத்துக்கிடமின்றி எடுகோளாகத் தரப்பட்டுள்ளன. புனைகதை தன் மாந்தருக்கு வழங்கும் இவ்வறிவு மண்ணில் வாழும் எவருக்கும் வாய்த்ததில்லை. கேர்க்கின் முடிவை வாழ்க்கைக்கு விதியாகக் கொள்பவன், அம்முடிவைத் தாங்கிநின்ற கருவியைக் கதையிலேயே விட்டுவிட்டு வருகின்றான்.

யாழ்ப்பாணத்தில் இவ்வினா திரையோடு முடிந்துவிடுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக விளங்கிய கலாநிதி ராஜினி திராணகம, 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. ஆயுதந் தாங்கிய எத்தரப்பின் கொடுமையையும் மறைக்காது பதிவுசெய்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர் நால்வருள் அவரும் ஒருவர். அவரைக் கதைமாந்தர் ஒருவரோடு ஒப்பிடுதல் முறையன்று. இங்கு நோக்கவேண்டியது கொலையின் தருக்கத்தையே. ஒருவர் இல்லாதிருப்பதே நாளைக்கு நல்லது எனத் துணியாமல் அவரைத் திட்டமிட்டுச் சுடுதல் இயலாது. அவ்வாறு துணிந்தவர் கையில் துப்பாக்கி இருந்தது; வருங்காலத்தைக் காட்டும் கருவி இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைச் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றியபோதும், 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்தோர்மீது அரச விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்தபோதும், எளியோரின் இன்று எவரோ கணக்கிட்ட நாளைக்கு விலையாயிற்று.

வருங்காலத்தைக் கணியாமல் எச்சமூகமும் இயங்கவியலாது என ஒருவர் மறுக்கலாம். வைத்தியரும் உயிரைக் காக்கக் காலை அகற்றுகின்றார். அவரும் நாளையை ஊகித்தே செயற்படுகின்றார். இது மெய்யே. ஆயின் அங்கு இழப்பவரும் பயன்பெறுபவரும் ஒருவரே; அவருடைய இசைவு பெறப்படுகின்றது; கணிப்புப் பிழைத்தால் விடையளிக்க வைத்தியர் எதிரே நிற்கின்றார். பிறருக்காகத் தன்னுயிரை ஈபவனும் தன்னுடையதையே ஈகின்றான். மற்றொருவரின் உயிரை, அவர் இசைவின்றி, ஊகமொன்றுக்கு ஈடாக வைப்பது இவற்றோடு சேராது. பிழைத்த கணக்கை மீளப் போடலாம். போன உயிரை மீளப் பெறுதல் இல்லை.

இவ்வகையில் நோக்கின், எடித் கீலரின் சாவைக் கண்டு கலங்கும் சுவைஞன் கதையைப் புரிந்துகொள்ளாதவன் அல்லன். உறுதியான அறிவு வாய்த்த இடத்திலேயே ஒரு சாவு இத்துணைத் துயரைத் தருமாயின், ஊகம் ஒன்றே துணையாயுள்ள இடத்தில் எத்துணைத் தயக்கம் வேண்டும் என்பதை அவனது கண்ணீர் உணர்த்துகின்றது. கேர்க்கும் வென்றவராக மீளவில்லை. உலகைக் காத்துவிட்டோம் என்ற பெருமிதம் அவர் முகத்தில் இல்லை. அவ்விடத்தைவிட்டு அகல்வதையே அவர் விரும்புகின்றார். பிறர் சாவை நாளையின் பெயரால் நியாயப்படுத்துவோரிடம் முதலில் தேடவேண்டியது அவர்தம் கணக்கையன்று, அந்த முகத்தையே. அது காணப்படாதவிடத்துக் கணக்கும் நம்பத்தக்கதன்று எனத் துணியலாம்.