கற்றாழை யாருக்காக வளர்கிறது?

இயற்கை தருவதெல்லாம் நமக்கு நன்மையே செய்யும் என்ற எண்ணம் இன்று ஒரு சமய நம்பிக்கையைப்போல வேரூன்றியிருக்கிறது. முகத்தில் பூசும் களிம்பிலிருந்து வெறும் வயிற்றில் குடிக்கும் சாறு வரை சோற்றுக் கற்றாழைக்கு இருக்கும் மவுசு இந்த நம்பிக்கையால் வந்தது. ஆனால் ஒரு மடலை அறுத்துப் பார்த்தாலே அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. முதலில் வடிவது தோலை ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறக் கசப்புப் பால். அதிலுள்ள அலோயின் கடும் பேதியை உண்டாக்கும். சருமத்துக்கு ஈரம் தந்து, லேசான தீக்காயத்தின் எரிச்சலைத் தணிக்கும் தெளிந்த சோறு அதற்கும் உள்ளே இருக்கிறது. கசப்பு செடியின் தற்காப்பு. சோறு வறட்சிக்காக அது சேர்த்துவைத்த தண்ணீர். இரண்டையுமே செடி தனக்காகத்தான் உண்டாக்கிக்கொண்டது.

தலைமுறை தலைமுறையாக உண்டதுதானே என்று கேட்கலாம். உண்டார்கள்தான், ஆனால் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, சோற்றை ஏழு முறை அலசிய பிறகே உண்டார்கள். சித்த மருத்துவமும் மூலிகைகளைச் சுத்தி செய்தே மருந்தாக்கியது. அந்தக் கவனத்தின் அருமையை இன்றைய ஆய்வும் உணர்த்துகிறது. பாலோடு சேர்த்து எடுத்த முழு மடல் சாற்றைக் குடித்துவந்த ஆய்வக எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் தோன்றின. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தச் சாற்றைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் 2பி பிரிவில் வைத்தது. மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்ப்பதை அமெரிக்க அரசு 2002இல் நிறுத்தியது. அப்படியானால் ஆலையில் கரி கொண்டு வடிகட்டிய சாறும் வீட்டில் அலசிய சோறும் ஒன்றா என்றால், இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். கசப்பை முழுதாக நீக்கினார்களா என்பதே கேள்வி; எங்கே நீக்கினார்கள் என்பதல்ல.

இப்படிப் பேசுவது இறைவனின் படைப்பில் குற்றம் காண்பதாகாதா என்பது இன்னும் ஆழமான மறுப்பு. ஆகாது என்றே சொல்வேன். ஓர் உயிர் எனக்காகவே படைக்கப்பட்டது என்று எண்ணுவதில் பக்தியைவிட அகந்தையே அதிகம். தனக்காக வாழும் செடியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம் என்று உணரும்போதுதான் நன்றிக்குப் பொருள் வருகிறது; எடுப்பதிலும் அளவு பிறக்கிறது. கற்றாழையின் நன்மையில் பாதி மடலில் இருக்கிறது, மறுபாதி அதைக் கையாளும் அறிவில் இருக்கிறது. ‘இயற்கையானது’ என்ற ஒரு சொல்லை நம்பி அந்த அறிவைக் கைவிடுவது இயற்கைக்கும் மரியாதை இல்லை, உடம்புக்கும் நல்லதில்லை.