யார் வீட்டுப் பிள்ளை

ஆடி பிறந்ததும் ஊவாவில் காற்று காய்ந்துவிடும். நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்த காற்று நமுனுகுலைக்கு வெறுங்கையோடு வருகிறது. கொழுந்து குறையும், தேயிலையின் மணம் கூடும். இந்த நாட்களில் பாலைநிலத்தைப் பற்றி வாசிக்கத் தோன்றுகிறது. இம்முறை, இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் குலங்கள்.

*

தென் சிரியாவிலும் ஜோர்தானிலும் எரிமலைக் கற்கள் பரந்த கரும்பாலை ஒன்று உண்டு. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள் கற்களில் கீறி வைத்த எழுத்துகள் பல்லாயிரம் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் பெயர்கள்தான். இன்னான், இன்னானின் மகன், இன்னானின் பேரன். சிலர் பூட்டனையும் தாண்டிப் போகிறார்கள். சிலவற்றில் கூடவே ஒரு வரி: செத்தவனுக்காக அழுதது, அல்லாத் என்ற பெண் தெய்வத்திடம் காவல் கேட்டது. எந்தப் பதிவாளரும் கேட்டு எழுதியதில்லை. மந்தை மேயும் பொழுது நீளமானது, கையில் கூர்ங்கல் இருந்தது, எழுதினார்கள்.

*

அங்கே வம்சம் பெருமைக்கு மட்டும் உரியதல்ல. நீதிமன்றமில்லாத நிலம். ஒருவனைக் கொன்றால் அவன் குலம் முழுவதும் பழிக்கு எழும், அல்லது ஈடாக ஒட்டகங்கள் கேட்கும். அந்தப் பயம்தான் அவனுக்குக் காவல். குலம் தள்ளி வைத்தவனைக் கொன்றாலோ கேட்க நாதியில்லை. அப்படித் திரிந்த ஷன்ஃபராவின் பெயரில் வழங்கும் பாட்டில், மனிதரை விட்டு விலங்குகளை உறவாகக் கொள்கிறான் ஒருவன்.

இதற்கு ஒரு மாற்று இருந்தது: அடைக்கலம். அந்நியன் காவல் கேட்டு, அது கொடுக்கப்பட்டுவிட்டால், அவனுக்கு வரும் தீங்கு கொடுத்தவனின் மானத்தில் விழும். தைமாவின் சமவ்அல் என்பவரிடம் கவிஞர் இம்ரவுல் கைஸ் தம் கவசங்களை ஒப்படைத்துவிட்டுப் போனார். பகைவர்கள் கோட்டைக்கு வெளியே சமவ்அலின் மகனைப் பிடித்து வைத்துக் கேட்டும் அவர் தரவில்லை. மகனைக் கொன்றார்கள். இக்கதைகளை ஏட்டில் ஏற்றியவர்கள் பல தலைமுறை பிந்தியவர்கள். கொஞ்சம் கூட்டியும் இருப்பார்கள். எதைக் கூட்டிச் சொன்னார்கள் என்பதில் அந்தச் சமூகத்தின் ஆசை தெரிகிறது.

நம்மிடம் சிலப்பதிகாரத்து மாதரி இருக்கிறாள். அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீப்புகுந்த இடையர் குலப் பெண். இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அவள்தான் பெரியவள். சமவ்அல் மகனைக் கொடுத்தார். அவள் தன்னையே கொடுத்தாள்.

*

பசறைக்கும் மடுல்சீமைக்கும் எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்ததும் கூட்டமாகத்தான். கங்காணி தன் ஊரில் சொந்தக்காரரையும் அண்டை அயலையும் சேர்த்து அழைத்து வந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் இதுவும் ஒரு குலம், அதற்கு ஒரு தலைவர். ஆனால் அரபுத் தலைவருக்குக் கட்டளையிடும் அதிகாரம் சொற்பம். விருந்து வைத்து, ஈடு கட்டி, கையிலிருப்பதை இழந்தே அவர் தலைவராக நீடித்தார். தய் குலத்து ஹாத்திம் விருந்தாளிக்காகத் தன் குதிரையையே அறுத்தார் என்பார்கள். பெரிய கங்காணியைத் தலைவராக வைத்திருந்தது அவருடைய ஆட்களின் கடன். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று பென்ஸ் காசும் அவருக்கு உண்டு. கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாறத் துண்டு வேண்டும். இந்தக் கடனைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

*

1948இன் குடியுரிமைச் சட்டம் கேட்டதும் வம்சத்தைத்தான். தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும். எந்த லயத்திலும் ஓர் அப்பாயி அதை மூச்சு விடாமல் சொல்லியிருப்பாள்: எந்த ஊர், எந்தக் கங்காணி கூட்டம், எந்தக் காம்பராவில் பிரசவம். வாய்ச்சொல் ஏறவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும், நாடற்றுப்போன 9,75,000 பேரைப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்காக 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கேட்டது தகப்பன்வழி மட்டும் என்பதையும் குறித்து வைக்கிறேன். ஆறாம் நூற்றாண்டில் ஹீராவை ஆண்ட அரபு அரசர் ஒருவரைக்கூட ‘ஹிந்தின் மகன் அம்ர்’ என்று தாயின் பெயராலேயே வரலாறு அழைக்கிறது. கொழுந்தெடுத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் எங்கள் தாய்மார். சட்டத்துக்கு அவர்கள் பெயர் தேவைப்படவில்லை.

*

இப்போது இந்த லயங்களிலிருந்து பெண்கள் ரியாத்துக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒருவர் பொறுப்பேற்றால்தான் விசா. அவரைக் கஃபீல் என்கிறார்கள். நல்ல வீடுகளும் உண்டு. பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டும் வீடுகளும் உண்டு. பழைய பாலையில் அடைக்கலத்தை மீறியவனை வசை பாட அடுத்த குலத்தில் ஒரு கவிஞன் இருந்தான். அந்த வசை தலைமுறை தாண்டியும் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சினார்கள்.

திரும்பி வந்தவர்கள் பீலிக்கரையில் பேசிக்கொள்கிறார்கள்: எந்த வீட்டு மேடம் சோறு போட்டாள், எந்த வீட்டில் சம்பளம் நின்றது, எந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது. அடுத்துப் போகிறவள் ஏஜென்சிக்காரர் சொல்வதைவிட இதைத்தான் நம்புகிறாள்.